படத்தில் தெரியாத கோடு

பிப்ரவரி 9, ஞாயிறு

சைக்கிளில் நான்கு மணி நேரம். இறங்கிய கையோடு நாற்பது நிமிட ஓட்டம். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தபோது வலது தொடை இடுக்கில் சுருக்கென்றது. நிமிர்ந்ததும் போய்விட்டது. சும்மா எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

போட்டிக்குச் சரியாகப் பதினைந்து வாரம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42 ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். போன வருடம் சைக்கிள் முடிக்க வேண்டிய கெடு நேரத்தைப் பதினொரு நிமிடத்தில் தவறவிட்டேன். அதற்குமேல் ஓட விடவில்லை. கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் கணக்கிடும் சிப்பை ஒரு பெண் குனிந்து கழற்றினாள். "சாரி ஆன்ட்டி" என்றாள். பதினொரு நிமிடத்தைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த ஆன்ட்டியை மன்னிக்க மாட்டேன்.

ராக்கெட்டும் கூட வந்தாள். கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று பத்து நிமிடம் எண்ணிக்கொண்டே நிற்பாள், அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருடமாக என்னோடு மிதிக்கிறாள். நிலம் அளக்கும் வேலை, நாள் முழுக்க நடை. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறாள். அவளுக்கு இது முதல் போட்டி.

பிப்ரவரி 12, புதன்

கோச் அனுப்பிய அட்டவணையில் இன்றைக்கு ஒரே வார்த்தை: ஓய்வு.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. நான் அவனைத் தம்பி என்கிறேன், அவன் என்னை அக்கா என்கிறான். ஆனால் அட்டவணை விஷயத்தில் அவன் மாமியார். ஓடியது, மிதித்தது, தூங்கியது, இதயம் துடித்தது என்று எல்லாவற்றையும் என் கைக்கடிகாரம் அவன் போனுக்கு ஒப்பித்துவிடும். அதனால் கடிகாரத்தை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். எக்ஸ்ரே பிரிவில் மதியம் அரை மணி நேரம் கூட்டம் இருக்காது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டு, ஏழு மாடி, ஆறு தடவை. கோச்சின் போனில் நான் இன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கோச்சிடமிருந்து குரல் செய்தி. "அக்கா, ஓய்வு நாள் உங்களுக்கு நல்லா வேலை செய்யுது. இந்த வாரம் பத்து சதவீதம் ஏத்துறேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்!"

இதை வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். "அம்மி நகரும் சரி. அடி வைக்கிற கால் தேயாதா?" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எங்கே தேய்கிறது என்றுதான் பார்ப்பார்.

பிறகு, நான் சமையலறைக்குப் போகும்போது, "என்ன சாய்ஞ்சு நடக்கிற?"

"ஷூ புதுசு."

"வீட்டுக்குள்ள ஷூவா போட்டிருக்க?"

வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 26, புதன்

எடை 46.4. டிசம்பரில் 51. படுக்கையிலிருந்து எழும்போது நாடித்துடிப்பு 48 இருக்கும், இப்போது 61. தூக்கம் வந்து வந்து போகிறது. நேற்று சின்னவளிடம் - என்னோடு எக்ஸ்ரே எடுக்கும் ஜூனியர் - பிளேட்டைச் சரியாக வைக்கவில்லை என்று நோயாளி முன்னாலேயே கத்திவிட்டேன். அது அவள் வைத்த பிளேட் இல்லை, நான் வைத்தது.

மாதவிலக்கு நின்று மூன்று மாதம். வயது நாற்பத்தொன்று, இனி அப்படித்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். நாற்பத்தொன்று அதற்குச் சீக்கிரம். அளவுக்கு மீறி உழைத்துச் சாப்பிடாமல் விட்டால் முதலில் நிற்பது அதுதான், அடுத்து இளைப்பது எலும்பு. படித்துப் பரீட்சை எழுதிய விஷயம். இங்கே எழுதிவிட்டேன், போதும். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று ஒரு குதி குதித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் எலும்பு டாக்டர் ஓட்டக்காரர்களை இப்படித்தான் குதிக்கச் சொல்வார். தொடை இடுக்கில் வலித்தால் அவருக்கு முதலில் சந்தேகம் வருவது தொடை எலும்பின் கழுத்துமேல்தான். இடுப்புக் குழிக்குள் உட்காரும் பந்துக்குக் கீழே குறுகலான ஒரு இடம். திரும்பத் திரும்பப் பாரம் விழுந்தால் அங்கே மயிரிழையாக ஒரு விரிசல் விடும். விரிசலோடு ஓடினால் ஒரு நாள் உடையும். உடைந்து விலகினால் பந்துக்கு ரத்தம் போகாமல் செத்துப்போகலாம். அப்புறம் அதை எடுத்துவிட்டு உலோகம் வைக்க வேண்டியதுதான்.

எனக்கு அதெல்லாம் இருக்காது.

மதியம் சின்னவளைக் கூப்பிட்டு, இடுப்பை ஒரு படம் எடு என்றேன். "டாக்டர் சீட்டு எங்கக்கா?" என்றாள். "நான்தான் சீட்டு. எடு." எடுத்தாள். திரையில் பார்த்தோம். "ஒண்ணுமே இல்லக்கா. பளிச்சுன்னு இருக்கு."

பளிச்சென்று இருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இந்த விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். படத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை, டாக்டரிடம் கேளுங்கள் - பதினேழு வருடமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். எம்.ஆர்.ஐ. அறை எங்கள் அறையிலிருந்து இருபது அடி. போகவில்லை.

மார்ச் 5, புதன்

திரையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். தொடை இடுக்கில் லேசாக வலி என்று போன வாரம் கோச்சிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். இன்னும் இருக்கிறதா என்று இன்று மறுபடி கேட்டான். படத்தை அனுப்பி, "க்ளீன்" என்று ஒரு வார்த்தை எழுதினேன்.

"சூப்பர் அக்கா! அப்போ வெறும் தசைதான். அட்டவணைப்படி போகலாம்."

பொய் சொல்லவில்லை. படத்தைத்தானே அனுப்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

சண்டை. மிதித்துவிட்டு வந்து மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, இடது காலை மட்டும் வைத்து ஏறினேன். அவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயித்துல நாலு இழை அறுந்தாலும் லிஃப்ட் ஓடும். ஓடுதேன்னு நான் விட்டுட்டு வந்தா என்னை என்ன செய்வாங்க தெரியுமா?"

"நான் லிஃப்ட் இல்ல."

"லிஃப்டா இருந்தா எப்பவோ பூட்டி சாவியை எடுத்திருப்பேன்."

உங்களுக்கு என்ன தெரியும், எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல என்று கத்தினேன். அவர் உடனே அடங்கிவிட்டார். எக்ஸ்ரே விஷயத்தில் நான் சொன்னால் இந்த வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது. அவர் நம்பியதைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மார்ச் 15, சனி

நீச்சல் 3,200 மீட்டர். கரையில் துவட்டிக்கொண்டிருந்தபோது ராக்கெட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் இங்கதான்டி வலிக்குது," என்று தொடை இடுக்கில் கை வைத்துக் காட்டினாள். "பத்து நாளா. பயந்துட்டேன். கோச்கிட்ட சொன்னேன். அவன் உன் படத்தை அனுப்பினான். அக்காவுக்கும் இதே வலிதான், படம் எடுத்துப் பார்த்தாங்க, ஒண்ணும் இல்ல, தசைதான்னு. அதைப் பார்த்ததும்தான் நிம்மதி. நீயே எடுத்துப் பார்த்துட்டேன்னா அப்புறம் என்ன!"

நான் "ம்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

அந்த "ம்" காதிலேயே நிற்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துக்கோ என்று அவளிடம் சொன்னால், நீ ஏன் எடுக்கல என்று கேட்பாள். நான் எடுத்தால் கோடு தெரியும். தெரிந்தால் போட்டி இல்லை. இவ்வளவுதான் கணக்கு. இதைவிடக் கேவலமாக ஒரு கணக்கை நான் போட்டதில்லை.

அவளுக்கு வேறு ஏதாவது இருக்கும். தசையாகவே இருக்கலாம். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 19, புதன்

வேலை அதிகம். சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சைக்கிள் 150. ஓட்டம் 12. வலி மாத்திரை இரண்டு. ராக்கெட் எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு ஓடி வந்தாள். நானும் நொண்டியதால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "தசைக்கு இவ்வளவு கொழுப்பா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

எனக்கு ஞாயிறு டியூட்டி. அதனால் மற்றவர்களோடு போகவில்லை.

காலை பதினொன்றே கால். தள்ளுவண்டி உள்ளே வந்தது. முதலில் ஓட்ட ஷூவைப் பார்த்தேன். மஞ்சள் கோடு போட்ட, ராக்கெட்டின் ஷூ. வலது கால் இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. படமே எடுக்க வேண்டியதில்லை. எந்த எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவளுக்கும் வாசலிலேயே தெரியும்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓட ஆரம்பித்திருக்கிறாள். ஆறாவது அடியில் உள்ளே ஏதோ சடக்கென்றது, கால் என் கால் மாதிரியே இல்லை என்றாள். யார் மேலும் மோதவில்லை, எதிலும் தடுக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. ஐயோ, அந்த நிம்மதி. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் படத்துல ஒண்ணும் இல்லைல்ல? அப்போ எனக்கும் பெருசா ஒண்ணும் இருக்காதுல்ல?"

கையை விடுவித்துக்கொண்டு பிளேட்டை அவள் இடுப்புக்குக் கீழே நகர்த்தினேன். அவள் அலறினாள். அசையாம இரு, அசையாம இரு என்றேன். திரையில் வந்தது. எலும்பின் கழுத்து முழுசா முறிந்து பந்து ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். சின்னவள் என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் என்னுடைய படம் ஞாபகம் வந்திருக்கும்.

"என்னடி, சொல்லேன்," என்று உள்ளேயிருந்து ராக்கெட் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் வந்து சொல்வார் என்றேன். வேற என்ன சொல்ல? வேற என்னத்தச் சொல்ல நான்?

மார்ச் 31, திங்கள்

நேற்று மாலையே ஆபரேஷன் முடிந்தது. மூன்று ஸ்க்ரூ. பந்துக்கு ரத்தம் போகிறதா என்று இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். போகாவிட்டால் முப்பத்தாறு வயதில் அவளுக்குச் செயற்கை இடுப்பு.

அவரிடமே என் வலியையும் சொன்னேன். சீட்டு எழுதிக் கொடுத்தார். இருபது அடி நடந்தேன்.

கோடு இருக்கிறது. கழுத்தின் உள்பக்கம், பாதி தூரம் வரை. உடையவில்லை. "உன்னை மாதிரி ஆளுக்கு நான் பாடம் எடுக்கணுமாம்மா? நீ இந்த டிபார்ட்மெண்ட்ல உட்கார்ந்துகிட்டு இதைச் செஞ்சிருக்க," என்றார். ஆறு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. அவரிடம் மாதவிலக்கையும் சொல்லிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊன்றுகோலின் உயரத்தைத் தன் ஸ்பேனரால் திருகி, என் அக்குள் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி திருகினார். மூன்று தடவை. பிறகு ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டு, கடிகாரம், படம், அந்தப் படத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று அனுப்பும்போதே எனக்குத் தெரியும் என்பது வரை.

கேட்டு முடித்தான். பிறகு அழுதான். "நான்தான் அக்கா அவங்களுக்கு அனுப்பினேன். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதான்னு நினைச்சேன்."

அப்புறம் சொன்னான்: "அவங்ககிட்ட சொல்லாதீங்க அக்கா. சொன்னா எலும்பு ஒட்டிடுமா? மனசும் சேர்ந்து உடையும். என் பேரும் போகும். நான் இதை வச்சுத்தான் பொழைக்கிறேன்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பயந்தவளுக்கு எதுதான் நியாயமாகப் படாது?

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் வார்டுக்குப் போனேன். என் ஊன்றுகோலைப் பார்த்து, "நீயுமாடி? ஜோடிப் பொருத்தம்!" என்று சிரித்தாள். எனக்கு விரிசல்தான் என்றேன். "பாரு, அந்த பாழாப்போன எக்ஸ்ரே நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திருச்சு," என்றாள்.

எக்ஸ்ரே ஏமாற்றியதாம். தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த "ம்"முக்குப் பிறகு இது இரண்டாவது தடவை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. சின்னவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "நான் கீழேயே இருக்கேன்," என்றார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ராக்கெட் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆபீசில் இனி நிலத்துக்குப் போக வேண்டாம், ஒரு வருடம் வரைபட அறையில் உட்காரு என்று சொல்லிவிட்டார்களாம். "நான் நாற்காலியில உட்கார்ந்து செத்துருவேன்டி," என்றாள். அப்போதே சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"எக்ஸ்ரே ஏமாத்தல. இந்த மாதிரி விரிசல் அதுல தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அதை அனுப்பினேன். போட்டிக்குப் போகணும்னு."

அவள் என்னைப் பார்த்தாள். வேலையில் ஒரு இடத்தை இரண்டாம் முறை அளப்பவள் மாதிரி, அவசரமில்லாமல்.

"நீச்சல் குளத்துல நான் வந்து சொன்னேனே. அப்போ?"

"அப்பவும் தெரியும்."

"பத்து நாளா வலிக்குதுன்னு சொன்னேன்."

"சொன்ன."

"நீ ம்னு சொன்ன."

"ஆமா."

மன்னிச்சிருடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்னோடது உடையலைல்ல?"

"இல்ல."

"கதவைச் சாத்திட்டுப் போ."

இரண்டு கையிலும் ஊன்றுகோல். கதவைச் சாத்த மூன்று தடவை முயன்றேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டியில் உட்கார்ந்ததும் சத்தம் போட்டு அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கோச்சின் பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் இருபத்தாறு பேர். அவர்களுக்கும் எழுதினேன். தொடை இடுக்கில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள், என் எக்ஸ்ரே படம் உங்களுக்கும் வந்திருந்தால் நம்பாதீர்கள், அது பொய்ச் சாட்சி என்று தெரிந்தே அனுப்பினேன் என்று. நான்கு பேர் நன்றி என்றார்கள். ஒருவர், "உங்களை நம்பித்தானே அவங்க ஓடினாங்க," என்று எழுதினார். கோச் ஒன்றும் எழுதவில்லை. மாலையில் மூன்று பேரை எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பியிருப்பதாகத் தனியாகச் செய்தி போட்டான்.

ராக்கெட் படித்துவிட்டாள். நீல டிக் தெரிகிறது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எடை 48.9. தட்டில் இருப்பதை முழுவதும் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடப் பரீட்சைக்குக் கூட எனக்கு இவ்வளவு காவல் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் விளக்கம் கேட்டுக் கடிதம். சீட்டில்லாமல் படம் எடுத்ததற்கு. சின்னவள் பேரில் தவறில்லை, நான் சொல்லித்தான் எடுத்தாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

மே 25, ஞாயிறு

இன்று போட்டி. காலை ஏழு மணிக்கு அங்கே நீருக்குள் இறங்கியிருப்பார்கள். நான் பால்கனியில் உட்கார்ந்து துணி மடித்தேன். குழுவிலிருந்து இரண்டு பேர் போயிருந்தார்கள், ஒருவர் முடித்தார். வயிறு எரியும் என்று நினைத்தேன். கொஞ்சம் எரிந்தது. ஆனால் நாளெல்லாம் நினைத்தது ராக்கெட்டைத்தான். அவளுடைய முதல் போட்டி இது.

ஆறு வாரமாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வாராவாரம் ஒரு வரி அனுப்புகிறேன். "எப்படி இருக்க?" படிக்கிறாள். பதில் இல்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

மே 30, வெள்ளி

மாதவிலக்கு வந்தது. குளியலறையில் நின்று அழுதேன். இதற்காக அழுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜூன் 26, வியாழன்

பிசியோ பெண்ணுக்கு எங்கள் கதை தெரியாது. ஒரே இடுப்பு, ஒரே பக்கம் என்று பார்த்து, வியாழன் நான்கு மணிக்கு இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக் குளம். மார்பளவு தண்ணீரில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடை, எட்டுத் தடவை.

நான் முதலில் இறங்கியிருந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தாள். தொடையில் தழும்பு, என் உள்ளங்கை நீளம். என்னைப் பார்த்ததும் நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். பிசியோ பெண், "வாங்க வாங்க, நேரமாச்சு," என்றாள். இறங்கினாள்.

பேசவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தோம். மூன்றாவது தடவையில் என் கால் என்னைக் கேட்காமலே வேகம் பிடித்தது. சுவரைத் தொட்டு, திரும்பி, அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எத்தனை நிமிடம் ஆகிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டுகூட இருந்தேன். அது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"எங்கடி ஓடுற?"

பின்னாலிருந்து. இரண்டரை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். கோபமாகத்தான் இருந்தது.

"நில்லு அங்கேயே. நான் வர்றேன்."

நின்றேன். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து வந்துகொண்டிருந்தாள்.